உறையும் மண்ணில் பெரியது உடையும், சிறியது திரளும்

மாணவர்களே, பாகான் டாலாம் போன்ற தாழ்வான கரையோரப் பகுதிகளில் ஆழமாகத் தோண்டினால், சாம்பல் நிறத்தில் கையில் ஒட்டும் மென்மையான களிமண் கிடைக்கும். இதனைக் கடல்சார் களிமண் என்பர். நம் நாட்டு வெப்பத்தில் இது தானாக உறைவதில்லை.

ஆனால், சிங்கப்பூரில் இதே வகை மண்ணைப் பொறியியலாளர்கள் வேண்டுமென்றே உறைய வைத்தனர். மரினா பே நிலையத்தில், ஓடிக்கொண்டிருந்த ரயில் பாதைக்குக் கீழே தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் தடத்திற்குச் சுரங்கம் தோண்ட வேண்டியிருந்தது. மென்மையான மண் சரிந்தால் மேலே உள்ள பாதைக்கு ஆபத்து. ஆகவே மண்ணுக்குள் குழாய்களைச் செருகி, கடுங்குளிரான உப்புநீரைச் சுழலவிட்டனர். மண்ணில் இருந்த நீர் உறைந்தது. மண் பாறைபோல் இறுகியது. அத்தடத்தின் மரினா பே நிலையம் 2022-இல் திறக்கப்பட்டது.

உறைந்த மண் உருகியதும் பழைய நிலைக்கே திரும்பிவிடுமா? திரும்பாது. ஏன் என்று பார்ப்போம்.

நீர் பனிக்கட்டியாகும்போது அதன் கன அளவு ஏறக்குறைய 9 விழுக்காடு கூடுகிறது. மணற்பரலின் நுண்ணிய வெடிப்பில் புகுந்த நீர் உறைந்தால், அந்த வெடிப்பு அகலும். உறைவதும் உருகுவதும் பலமுறை நிகழ்ந்தால் பரல் உடைந்து சிறிதாகும்.

களிமண்ணில் நடப்பது வேறு. அதன் துகள்கள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியவை. மண்ணில் உருவாகும் பனிக்கட்டி, சுற்றியுள்ள நீரைத் தன்பக்கம் இழுத்து வளர்கிறது. நீரை இழந்த களித்துகள்கள் நெருக்கப்பட்டுக் கட்டிகளாகத் திரள்கின்றன. பனிக்கட்டி உருகினாலும் பல கட்டிகள் கலைவதில்லை. இடையே வெடிப்புகள் எஞ்சுவதால் நீர் முன்பைவிட எளிதாகப் புகுந்து செல்லும். பாரம் ஏறினால் நிலம் தாழும். இதனால்தான் மண்ணை உறைய வைக்கும் பொறியியலாளர்கள், அது உருகும்போது என்ன ஆகும் என்பதையும் முன்கூட்டியே கணக்கிட வேண்டும்.

ஆக, பெரியது உடைகிறது; சிறியது திரள்கிறது. இரண்டும் மணலுக்கும் களிக்கும் இடைப்பட்ட வண்டல் துகளின் அளவை நோக்கி நகர்கின்றன. ஆண்டுதோறும் உறைந்து உருகும் குளிர்நாட்டு மண்ணில் வண்டல் மிகுதியாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

செய்து பாருங்கள்: களிமண்ணை நீரில் நன்கு கரைத்து, இரண்டு பிளாஸ்டிக் போத்தல்களில் முக்கால் பாகம் வரை ஊற்றுங்கள். ஒன்றை உறைபெட்டியில் ஓர் இரவு வையுங்கள். மற்றதை வெளியே வையுங்கள். உறைந்தது முழுவதும் உருகிய பிறகு, இரண்டையும் ஒரே நேரத்தில் மெதுவாகக் கவிழ்த்துக் கலக்கி, மேசைமீது வையுங்கள். எதில் மண் விரைவாகப் படிகிறது? எதில் நீர் முதலில் தெளிகிறது? திரண்ட துகள்கள் கனமானவை என்பதை நினைவில் வைத்துக் காரணத்தை எழுதுங்கள். போத்தலை ஏன் நிரப்பக்கூடாது என்பதற்கும் மேலே விடை உண்டு.