முன்பணமும் அடிமைத்தளையும்: பஞ்சாயத்துக்கள் அறிய வேண்டிய சட்டம்

கடலூரிலிருந்து பண்ருட்டி செல்லும் சாலையில் உள்ள நெல்லிக்குப்பம், கெடிலத்துக்கும் பெண்ணையாற்றுக்கும் இடைப்பட்ட கரும்பு வளம் மிக்க பகுதியாகும். கரும்பு முற்றி, ஆலையின் வெட்டு உத்தரவு கைக்கு வந்ததும், குடியானவருடைய கவலையெல்லாம் ஆட்களைப் பற்றியதாகவே இருக்கும். உரிய நாளில் வெட்டாவிடில் எடை குறையும்; சாறும் குறையும். ஆதலின் பருவம் தொடங்கும் முன்னரே மேஸ்திரியை அழைத்து, முன்பணம் கொடுத்து, ஆட்களை உறுதி செய்து கொள்வது கரும்பு விளையும் ஊர்களில் வழக்கமாக இருந்து வருகிறது.

"முன்பணம் கொடுப்பதும் குற்றமா?" என்று குடியானவர் ஒருவர் கேட்கக்கூடும். கொடுப்பது குற்றமன்று. ஆயினும், கூலியின் ஒரு பகுதியாகக் கொடுக்கப்படும் அப்பணமே மனிதனைக் கட்டி வைக்கும் கயிறாக மாறும் இடம் ஒன்று உண்டு. அந்த எல்லையை அறியாமையால், தீங்கு எண்ணாதவரும் சட்டத்தின் பிடியில் சிக்குகின்றனர். ஏழைக் குடும்பங்களோ தம் வாழ்வையே இழக்கின்றன. அந்த எல்லை யாது, அதைக் கடந்தோரை அரசாங்கம் எவ்வாறு தண்டிக்கிறது, கட்டுண்டோரை எவ்வாறு காக்கிறது, இதில் பஞ்சாயத்தின் பங்கு என்ன என்பவற்றை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

படியாள் முறை

இத்தீமை நம் பகுதிக்குப் புதியதன்று. சென்னைப் பல்கலைக் கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக விளங்கிய கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-ஆம் ஆண்டில் தம் மாணவர்களைக் கொண்டு சில கிராமங்களை ஆராயச் செய்தார். அவற்றுள் ஒன்று பழைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த இருவேல்பட்டு. அங்கே படியாட்கள் எனப்பட்டோர், திருமணம் முதலிய செலவுகளுக்காக வாங்கிய கடனுக்கு ஈடாக, நிலக்கிழாரிடம் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு கிடந்தனர்.

அடிமை உடைமையைச் சட்டம் ஏற்காது என்று 1843-ஆம் ஆண்டிலேயே விதி செய்யப்பட்டிருந்தது. எனினும் கடன் என்னும் போர்வைக்குள் அடிமைமுறை ஒளிந்து வாழ்ந்தது. அதே நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழ் மக்கள் நேட்டால், மொரீஷியஸ், பிஜி முதலிய நாடுகளுக்குக் கப்பலேற்றப்பட்டனர். நாட்டு மக்களின் கிளர்ச்சிக்குப் பின்னர் 1917-இல் அவ்வாறு ஆள் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. படியாளும் கப்பலேறிய கூலியும் அகப்பட்ட வலை ஒன்றே: தேவைப்பட்ட நேரத்தில் நீட்டப்பட்ட பணம், படிக்கத் தெரியாத கணக்கு, திரும்பி வர இயலாத தொலைவு.

சட்டம் சொல்வது என்ன?

1950 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த நமது அரசியல் சாசனத்தின் 23-ஆம் பிரிவு, மனிதரை வாணிகப் பொருளாக்குவதையும், வெட்டி வேலையையும், கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. இதனைச் செயற்படுத்த, 1975 அக்டோபரில் அவசரச் சட்டமும், அதன் தொடர்ச்சியாகக் கொத்தடிமைத் தொழில் முறை ஒழிப்புச் சட்டம், 1976-உம் இயற்றப்பட்டன. பிப்ரவரி 9-ஆம் நாளைக் கொத்தடிமை ஒழிப்பு நாளாக நம் மாநிலத்தில் கடைப்பிடிப்பது இச்சட்டத்தை நினைவுகூர்வதற்கேயாம்.

முன்பணமோ கடனோ வாங்கியதன் காரணமாக ஒருவர் பின்வரும் நான்கில் எந்த ஒன்றை இழந்திருந்தாலும் அவர் கொத்தடிமையே ஆவார்:

1. உரிய கூலி: கூலியே இன்றியோ, பெயரளவிலான கூலிக்கோ உழைத்தல்.
2. வேறு வேலைக்குச் செல்லும் உரிமை.
3. விரும்பிய இடத்துக்குச் சென்று வரும் உரிமை.
4. தம் உழைப்பையோ, உழைப்பால் விளைந்த பொருளையோ சந்தை விலைக்கு விற்கும் உரிமை.

சங்கிலியும் பூட்டும் இருந்தால்தான் அடிமைத்தனம் என்று எண்ணுதல் தவறு. குறைந்தபட்ச ஊதியத்துக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்பே என 1982-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

இச்சட்டத்தின்படி, கொத்தடிமையாக்கிய கடன் அடியோடு அழிந்துவிடுகிறது. அக்கடனைத் திரும்பப் பெறுதல் குற்றம். உழைப்புக்கு ஈடாகக் குடியிருக்கக் கொடுத்த இடத்திலிருந்து, விடுதலை பெற்றவரை வெளியேற்றுதலும் கூடாது. கொத்தடிமைக் கடனன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவரையே சாரும். குற்றவாளிக்கு 3 ஆண்டு வரை சிறையும் 2,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு.

ஏமாற்றியோ, வற்புறுத்தியோ, பணம் காட்டியோ ஆட்களைச் சுரண்டலுக்காக அழைத்துச் செல்பவர்மீது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆம் பிரிவின்கீழ் 7 ஆண்டுக்குக் குறையாத கடுங்காவல் தண்டனை விதிக்கப்படும். குழந்தையைக் கடத்தினால் 10 ஆண்டுக்குக் குறையாது. "அவர்கள் சம்மதித்துத்தான் வந்தார்கள்" என்னும் வாதம் இங்கே செல்லாது. பெண்களையும் சிறுமியரையும் விபசாரத்தில் தள்ளுவோரைத் தண்டிக்க 1956-ஆம் ஆண்டுச் சட்டம் தனியே உள்ளது.

ஒரு குடும்பத்தின் கணக்கு

தளை எவ்வாறு இறுகுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கால் காண்போம். கணவனும் மனைவியும் செங்கல் சூளை வேலைக்கென 40,000 ரூபாய் முன்பணம் பெறுகின்றனர் என்று கொள்வோம். வாரந்தோறும் உணவுச் செலவுக்கு 1,000 ரூபாய் கொடுக்கப்படுகிறது. 24 வாரங்களில் அது 24,000 ஆகிறது. ஆக அவர்கள் பெற்றது 64,000. பருவ முடிவில் சூளைக்காரர், "நீங்கள் அறுத்த கல்லுக்குக் கூலி 50,000, இன்னும் 14,000 பாக்கி" என்கிறார். எத்தனை கல் அறுத்தார்கள் என்று எழுதி வைத்தவர் அவர் ஒருவரே. மழைக்கு நனைந்த கல்லும் அவர்கள் கணக்கிலேயே கழிக்கப்படுகிறது. பாக்கியைத் தீர்க்காமல் ஊருக்குப் போகக்கூடாது. போனாலும் பிள்ளையையோ, வயதான தாயையோ விட்டுச் செல்ல வேண்டும். அடுத்த ஆண்டு 14,000-உடன் புதிய முன்பணமும் சேர்கிறது.

இருவர் ஆறு மாதம் பாடுபட்டும் கடன் தீரவில்லை. பிள்ளையின் படிப்பு நின்றுவிட்டது. இங்கே முன்பணம் எல்லையைக் கடந்துவிட்டது. செங்கல் சூளை, கல் குவாரி, அரிசி ஆலை, மரம் வெட்டிக் கரி சுடும் இடம் ஆகியவற்றிலிருந்து தமிழ்நாட்டில் மீட்கப்பட்டோரில் இருளர் குடும்பங்கள் பல. சொந்த நிலமும், ஊரில் செல்வாக்கும் இல்லாத மக்களே இவ்வலையில் முதலில் வீழ்கின்றனர்.

மீட்பும் மறுவாழ்வும்

கொத்தடிமையாக எவரேனும் இருப்பதாக அறிந்தால் மாவட்ட ஆட்சியருக்கோ, கோட்டாட்சியருக்கோ, வட்டாட்சியருக்கோ எவரும் தெரிவிக்கலாம். நெல்லிக்குப்பம் பண்ருட்டி வட்டத்தையும் கடலூர்க் கோட்டத்தையும் சார்ந்தது. அதிகாரிகள் நேரில் சென்று, முதலாளியும் மேஸ்திரியும் அருகில் இல்லாத இடத்தில் தொழிலாளரின் வாக்குமூலத்தைப் பெறுதல் வேண்டும். அடிமைநிலை உறுதியானால் விடுதலைச் சான்றிதழ் வழங்கப்படும். கடன் அழிந்தது என்பதற்கும், அரசாங்க உதவி பெறுவதற்கும் இச்சான்றிதழே ஆதாரம். அதைப் பெறாமல் ஊர் திரும்பிய குடும்பத்தைப் பழைய கடனைக் காட்டி மீண்டும் அழைத்துச் செல்வது எளிதாகிவிடும்.

மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டப்படி உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை அளிக்கப்படுகிறது. பின்னர் வயது வந்த ஆணுக்கு 1 லட்சமும், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சமும், கடத்தல், பாலியல் சுரண்டல் முதலிய கொடுமைகளுக்கு உள்ளானோர்க்கு 3 லட்சமும் உதவித் தொகையாக வகுக்கப்பட்டுள்ளன. ஆனால் பணம் மட்டும் மறுவாழ்வாகாது. குடியிருக்க மனையும், குடும்ப அட்டையும், சாதிச் சான்றிதழும், உள்ளூரில் வேலையும், பிள்ளைக்குப் பள்ளியும் கிடைக்காவிடில், அக்குடும்பம் அடுத்த மழைக்காலத்திலேயே மற்றொரு மேஸ்திரியின் வரவை எதிர்நோக்கி நிற்கும்.

பஞ்சாயத்தின் கடமை

கடமையின் பெரும் பகுதி அரசாங்க அலுவலகத்தில் அன்று, நம் ஊரிலேயே தொடங்குகிறது. ஆள் சேர்ப்பவர் முதலில் வருவது நம் தெருவுக்கே அன்றோ? ஆகவே பஞ்சாயத்து உறுப்பினர்கள் பின்வருவனவற்றை மேற்கொள்ள வேண்டும்.

வெளியூர் வேலைக்குச் செல்லும் குடும்பங்களின் பெயர், செல்லும் இடம், அழைத்துச் செல்பவர் பெயர், பெற்ற முன்பணம், திரும்பும் நாள் ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் குறித்து வைத்தல் நன்று. குறித்த நாளில் திரும்பாதவரைப் பற்றி விசாரித்தல் வேண்டும். பள்ளியில் திடீரென வராது நின்ற பிள்ளைகளின் பெயரை ஆசிரியரிடம் கேட்டறிதல் வேண்டும். மாவட்டத்திலும் கோட்டத்திலும் அமைக்கப்படும் கண்காணிப்புக் குழுக்களில், ஆதிதிராவிடர் பழங்குடியினர் மூவரும், சமூகத் தொண்டர் இருவரும், கிராம வளர்ச்சியோடு தொடர்புடையோரும் இடம்பெறச் சட்டம் வகை செய்துள்ளது. அக்குழு கூடுகிறதா என்று கேட்பதும், தக்கவரை அதற்குப் பரிந்துரைப்பதும் நம் பொறுப்பு. அவசரத்துக்குக் காவல் துறையை 112 எண்ணிலும், குழந்தைகளுக்காக 1098 எண்ணிலும், பெண்களுக்காக 181 எண்ணிலும், இலவசச் சட்ட உதவிக்கு 15100 எண்ணிலும் அழைக்கலாம்.

குடியானவர்க்கு ஒரு சொல்

கரும்பு வெட்டுக்கு முன்பணம் கொடுக்கும் குடியானவர் மூன்று விதிகளைக் கைக்கொண்டால் போதும். முதலாவது, கூலி விகிதத்தையும் முன்பணத்தையும் எழுதி, ஒரு பிரதியைத் தொழிலாளர் கையிலும் கொடுத்தல். இரண்டாவது, மேஸ்திரி ஒருவரிடமே மொத்தமாகக் கொடுத்துவிடாமல், குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறையாத கூலியை ஒவ்வொருவர்க்கும் நேரில் அளித்தல். மூன்றாவது, வேலை செய்பவர் போக விரும்பினால், பாக்கி இருப்பினும் தடுக்காதிருத்தல். நியாயமான கடனுக்கு நீதிமன்றம் இருக்கிறது. மனிதனின் உடல் அதற்கு ஈடாகாது.

நம் வயலில் கரும்பு வெட்டுபவரும் வேறோர் ஊரின் குடிமகனே. அவர் பெயர் அவ்வூர்ப் பஞ்சாயத்தின் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்று நாம் விரும்பினால், நம் ஊரிலிருந்து புறப்பட்டுச் செல்பவரின் பெயரை நாம் முதலில் எழுதி வைப்போம். அடுத்த பஞ்சாயத்துக் கூட்டத்திலேயே அப்பதிவேட்டைத் தொடங்குவது ஒவ்வொரு பஞ்சாயத்தின் கடமையாகும்.