நம்ம கதை, நம்ம புத்தகம்



ஊறுகாய், அப்பளம், பினாயில்னு எத்தனையோ தொழில் பற்றிப் பேசியிருக்கோம். குழந்தைகளுக்கு நாம் சொல்ற கதையை நாமே புத்தகமாகப் போட்டு விற்க முடியுமா? முடியும். 120 வருடத்துக்கு முன்பே ஒரு பெண் செய்து காட்டியிருக்காங்க.

இங்கிலாந்தைச் சேர்ந்த பீட்ரிக்ஸ் பாட்டர், 1893-ல் உடம்பு சரியில்லாத ஒரு சிறுவனுக்குப் படம் போட்டுக் கடிதம் எழுதினார். பீட்டர் என்ற முயல்குட்டியின் கதை அது. பிறகு அதைப் புத்தகமாக்கப் பல பதிப்பகங்களுக்கு அனுப்பினார். யாரும் ஏற்கவில்லை. குழந்தையின் கைக்கு அடங்குற அளவில், குறைந்த விலையில் இருக்கணும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். 1901 டிசம்பரில் சொந்தப் பணத்தில் 250 பிரதிகள் அச்சடித்தார். அவை தீர்ந்ததும் 1902 பிப்ரவரியில் இன்னும் 200. முதலில் மறுத்த வார்ன் நிறுவனமே அதே வருடம் அக்டோபரில் கலர் படங்களோடு வெளியிட்டது.

ஆனால் அமெரிக்காவில் பதிப்புரிமையை அந்த நிறுவனம் பதிவு செய்யவில்லை. அங்கே வேறு ஆட்கள் அச்சடித்து விற்றார்கள். 1903-ல் முயல் பொம்மை செய்தபோது பாட்டர் தானே முன்வந்து பதிவு செய்துகொண்டார்.

இதில் நமக்கு உள்ள பாடம் என்ன?

1. கொஞ்சமாக ஆரம்பிக்கணும். நடுவில் பின் அடிக்கிற புத்தகத்துக்குப் பக்கங்கள் 8, 12, 16 என நான்கு நான்காகத்தான் கூடும். இரண்டு மூன்று அச்சகத்தில் விலை கேளுங்க.

2. கணக்குப் போடணும். உதாரணத்துக்கு, 200 பிரதிக்கு 5,000 ரூபாய் செலவு என்று வைப்போம். ஒன்று 40 ரூபாய்க்கு விற்றால், 125 விற்ற பிறகுதான் முதல் திரும்பும். மீதி 75-ல் தான் லாபம். இலவசமாகக் கொடுக்கிற ஒவ்வொன்றும் லாபத்தில் குறையும். குழுவில் கடன் கேட்கும் முன், அந்த 125 பேர் யார் யார் என்று நோட்டில் எழுதிப் பாருங்க. ஊறுகாய் மாதிரி புத்தகம் கெட்டுப் போகாது. ஆனால் வட்டி நமக்காகக் காத்திருக்காது.

3. உரிமையை விடக்கூடாது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, நாம் சொந்தமாக எழுதிய கதை எழுதின உடனே நமக்குச் சொந்தம். பதிவு கட்டாயமில்லை, செய்தால் நல்ல சாட்சி. நம் காலத்துக்குப் பின்னும் 60 வருடம் வாரிசுகளுக்கு அந்த உரிமை உண்டு. பாட்டி காலத்துக் கதை ஊருக்கே பொது. அதை நம் வார்த்தையில் எழுதினால் அந்த எழுத்து நம்முடையது. யாராவது பணம் கொடுத்துக் கையெழுத்தோ கைநாட்டோ கேட்டால், முழுசாகப் படிக்கச் சொல்லிக் கேட்காமல் போடாதீங்க. படம் வரைபவரிடமும் கூலி, உரிமை இரண்டையும் எழுதி வாங்குங்க.

4. ஐ.எஸ்.பி.என். எண்ணை மத்திய அரசின் முகமை இலவசமாகத் தருகிறது. அதுக்குப் பணம் கேட்டால் ஏமாறாதீங்க.

எழுதத் தெரியாத அக்காவும் கதை சொல்லலாம், மகள் எழுதலாம். அட்டையில் கதை சொன்னவர் பேர் கட்டாயம் வரணும்.

கூட்டத்தில் பேசுங்க:
- நம் குழுவில் நல்லா கதை சொல்றவங்க யார்?
- நம்மிடம் புத்தகம் வாங்கப் போறவங்க யார்?
- சேமிப்பிலிருந்து எவ்வளவு போட்டால் நஷ்டம் வந்தாலும் தாங்கும்?