சாவு வீட்டுக்குப் போகும் புது உபதேசியாருக்கு

கடற்கரைப் பங்குகளில் நாற்பத்தொரு வருடம் உபதேசியாராக இருந்துவிட்டேன். மணி அடித்தேன், செபமாலை சொன்னேன், பெட்டிக்கு முன்னால் சிலுவை பிடித்து நடந்தேன். இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் சிலரும் அன்பியப் பொறுப்பாளர்கள் இரண்டு பேரும் போன வாரம் வீட்டுக்கு வந்து, சாவு வீட்டில் என்ன பேசுவது என்று கேட்டார்கள். பங்குத்தந்தை வருவார், பூசை வைப்பார், போவார். அதற்கு முன்னும் பின்னும் உள்ள இராத்திரியெல்லாம் உன் பொறுப்பு, மக்களே. எனக்குத் தெரிந்ததை எழுதித் தருகிறேன்.

1. போனதும் வாயைத் திறக்காதே. பாயில் உட்கார். கட்டங்காப்பி கொடுத்தால் வாங்கிக் குடி. யோவான் நற்செய்தி பதினோராம் அதிகாரத்தைத் திரும்ப வாசித்துப் பார். இலாசரை எழுப்பத்தான் இயேசு பெத்தானியாவுக்குப் போகிறார். சற்று நேரத்தில் அவன் நடந்து வரப்போகிறான் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் கல்லறைக்குப் போகும் வழியில் அழுகிறார். உயிர்ப்பை நம்புகிறவன் அழக் கூடாது என்று சொல்ல நீ யார்? எங்கள் கரையில் ஒப்பாரி வைக்கும் கிழவிகளை ஒரு காலத்தில் நானே அதட்டியிருக்கிறேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. தெசலோனிக்கருக்குப் பவுல் எழுதியதைக் காட்டி அழுகையை நிறுத்தச் சொல்வார்கள். நம்பிக்கை இல்லாதவர்களைப் போல அழ வேண்டாம் என்பதுதான் அவர் சொன்னது. அழவே வேண்டாம் என்று அவர் எங்கும் எழுதவில்லை.

2. 'உடம்பு வெறும் கூடு, பறவை பறந்துவிட்டது' என்று சொல்லாதே. நம் தமிழ் நாக்குக்கு அது தானாக வரும். சித்தர் பாட்டு கேட்டு வளர்ந்த நாக்கு. காதுக்கு இனிமையாகவும் இருக்கும். ஆனால் ஞாயிறுதோறும் நாம் அறிக்கையிடுவது அதுவல்ல. ஆன்மா தப்பித்துப் போனது என்று மட்டும் சொல்லியிருந்தால் ஏதென்ஸில் பவுலைப் பார்த்து யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். செத்தவர் எழுந்தார் என்றதும்தான் சிலர் கிண்டல் செய்தார்கள். நம் நம்பிக்கை உடம்பைப் பற்றியது. உயிர்த்த ஆண்டவர் சீடர் முன்னால் மீன் வாங்கித் தின்று காட்டினார் என்று லூக்கா எழுதியிருப்பதை எந்தக் கடற்கரைப் பிள்ளைக்கும் விளக்க வேண்டியதில்லை.

3. பிள்ளை செத்த வீட்டில் 'கடவுளுக்குப் பிடித்த பூவைப் பறித்துக்கொண்டார்' என்று சொன்னால், அந்தத் தாய் கடவுளைத் திருடனாகப் பார்ப்பாள். வேண்டாம்.

4. உடலைக் குளிப்பாட்ட ஆள் தேடும்போது நீ முன்னால் போ. சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, வெந்நீர் எடுத்து, அவசரமில்லாமல் செய். வலைக்கயிறு அறுத்த தழும்பு உள்ளங்கையில் இருக்கும்; தூண்டில் முள் ஏறின வடு விரலில் இருக்கும். அந்த இடங்களை நான் கொஞ்சம் நின்றுதான் துடைப்பேன். தோமாவுக்கு ஆண்டவர் காட்டியது காயங்களைத்தானே. உயிர்ப்பு அவற்றை அழித்துவிடவில்லை. இந்தக் கையும் தழும்போடு எழும் என்று யாரிடமும் பிரசங்கம் செய்ய மாட்டேன். ஆனால் அப்படி நினைத்துத்தான் துடைப்பேன். துடைக்கும் கை அப்படி நினைக்கிறதா என்று பக்கத்தில் நிற்கும் மகனுக்குத் தெரிந்துவிடும்.

5. உடல் கிடைக்காத வீடுதான் கஷ்டம். இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும்.

2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்தபோது குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் ஒரே குழியில் பலரை வைத்து மூடினோம். முகம் பார்க்கக்கூட நேரமில்லை. ஆனாலும் மண் இருந்தது. வருடாவருடம் மெழுகுதிரி வைக்க ஓர் இடம் இருந்தது. 2017 நவம்பர் 30இல் ஒக்கிப் புயல் அடித்தபோது அதுவும் இல்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் ஆழ்கடலுக்குப் போனவர்களுக்குப் புயல் செய்தியே போய்ச் சேரவில்லை. கேரளக் கரையில் ஒதுங்கிய உடல்கள் சிலவற்றை டி.என்.ஏ. சோதனை செய்து அடையாளம் கண்டார்கள். மற்றவர்கள் வரவே இல்லை. அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு எத்தனை வீட்டில் ஸ்டார் கட்டாமல் விட்டார்கள் என்று நான் எண்ணவில்லை.

அப்போது ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "உபதேசியாரே, எனக்க மாப்பிளய மீனு தின்னிருக்கும். பெறவு எது எழும்பும்?"

அன்று எனக்குப் பதில் வரவில்லை. கொஞ்சநேரம் அவளோடு உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். பிறகு படித்தேன், கேட்டேன். அவளுடைய கேள்வி பழைய கேள்வி. கி.பி. 177இல் லியோன் நகரத்தில் கிறிஸ்தவர்களைக் கொன்று, உடல்களை ஆறு நாள் வெயிலில் போட்டு, பிறகு எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றில் தள்ளினார்கள். அடக்கம் செய்ய ஒன்றும் மிஞ்சாவிட்டால் உயிர்ப்பு என்ற நம்பிக்கையும் போய்விடும் என்று கணக்குப் போட்டார்கள். நம் நம்பிக்கை உடலைப் பற்றியது என்பதைக் கொன்றவர்கள் நம்மில் பலரைவிட நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள்! தப்பிப் பிழைத்தவர்கள் அந்தச் சாம்பல் கதையையும் மறைக்காமல் கடிதத்தில் எழுதி மற்றச் சபைகளுக்கு அனுப்பினார்கள். மிருகம் தின்ற உடல், மனிதனே தின்ற உடல் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பேச அகுஸ்தினார் 'கடவுளின் நகரம்' நூலின் கடைசிப் பகுதியில் இடம் ஒதுக்கியிருக்கிறார். ஆகையால் அவள் கேட்டது அவிசுவாசம் இல்லை.

நம் ஊரிலேயே மறைசாட்சி தேவசகாயம் இருக்கிறார். 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்று, உடலைக் காட்டில் எறிந்தார்கள். சில நாள் கழித்து மிச்சத்தைப் பொறுக்கி எடுத்துக் கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கம் செய்தார்கள். 2022இல் புனிதர் பட்டம் கொடுத்தபோது, மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை.

அவளிடம் பிறகு சொன்னது இதுதான்: இருபது வயதில் எனக்கு இருந்த சதை இன்று என் மேல் இல்லை. உண்டதும் உழைத்ததுமாக எல்லாம் மாறிப்போயிற்று. ஆனாலும் என் அம்மை எழுந்து வந்தால் இந்தக் கையைப் பார்த்து என்னை அடையாளம் சொல்லிவிடுவாள். விதைத்த நெல்மணியைத் திரும்பக் கிண்டி எடுக்கிறவன் இல்லை. ஆனால் முளைத்து வருவது நெல்தான், சோளம் இல்லை. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் பதினைந்தாம் அதிகாரத்தில் அந்த விதைப் பேச்சு இருக்கிறது. எந்தத் துகள் எங்கே போயிற்று என்று தேடும் வேலை உண்டாக்கினவருடையது. அவள் கேட்டுக்கொண்டாள். சமாதானம் ஆனாளா என்று நான் கேட்கவில்லை.

6. எரிக்கலாமா என்று கேட்பார்கள். 1963 முதல் நம் திருச்சபை அனுமதித்திருக்கிறது. அடக்கம் செய்வதையே விரும்புகிறது. சாம்பலைக் கடலில் தூவுவதை ஏற்பதில்லை; வீட்டில் வைத்துக்கொள்வதையும் பொதுவாக ஏற்பதில்லை. கொரோனா நேரம், 2020 ஜூலையில், ஆலப்புழை இலத்தீன் மறைமாவட்டத்தில் உடலைக் கல்லறைத் தோட்டத்திலேயே எரித்துச் சாம்பலை அடக்கம் செய்தார்கள். இதை வைத்துச் சாவு வீட்டில் தர்க்கம் செய்யாதே.

7. செத்தபிறகுதான் உடம்புக்கு மதிப்பு என்று நினைத்துவிடாதே. வாதத்தில் விழுந்து கிடக்கிறவரைப் போய்ப் பார். படுக்கைப் புண் நாறும், முகத்தைச் சுளிக்காதே. செபித்தால் போதும், மாத்திரை எதற்கு என்று யாராவது சொன்னால், அங்கேயே மறுத்துப் பேசு. எழும்பப்போகிற உடம்புக்கு இன்சுலின் போடுவதில் என்ன குறைச்சல்?

8. ஒரு நாள் உனக்கே நம்ப முடியாமல் போகும். என் மூத்தவன் போனபோது எனக்கு அப்படி வந்தது. நம்பிக்கை அறிக்கையில் உடலின் உயிர்ப்பைச் சொல்லும் இடம் வரும்போது என் வாய் கட்டிக்கொள்ளும். உபதேசியாரே சொல்லவில்லை என்று யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயந்தேன். ஒருவரும் பார்க்கவில்லை, கோயில் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. ஏழெட்டு மாதம் அவர்கள் எனக்கும் சேர்த்துச் சொன்னார்கள் என்று வைத்துக்கொள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட்டேன். விசேஷமாக ஒன்றும் நடந்துவிடவில்லை.

9. இறந்தோர் பதிவேட்டை நல்ல கையெழுத்தில் எழுது. கடலில் போனவர்களுக்கு 'அடக்கம் செய்த இடம்' என்ற கட்டம் வரும்போது பேனா நிற்கும். அன்று கேள்வி கேட்டாளே, அவளுடைய புருஷன் பெயரை நான் பதியப்போனபோது, "பென்சிலில் எழுதும், ஒருவேளை வந்துட்டாருன்னா" என்றாள். சாமியாரிடம் கேட்டேன், சரி என்றார். பென்சிலில் எழுதினேன். நாலு வருடம் கழித்துக் கல்லறைத் திருநாள் அன்று, நவம்பர் 2, மகளைக் கூட்டிக்கொண்டு சாயந்திரம் வந்தாள். கையில் மெழுகுதிரி. "இனி மையில எழுதும்" என்றாள். பதிவேட்டை எடுத்தேன். பெயர் மேல் மையில் எழுதினேன். இடம் என்ற கட்டத்தில் 'கடல்' என்று போட்டேன். அவள் மகளை அழைத்துக்கொண்டு மெழுகுதிரியோடு கரைப்பக்கம் போனாள். காற்று இருந்தது, தீப்பெட்டி பத்தாது என்று இன்னொன்று கொடுத்தனுப்பினேன்.