சுரங்கத்தின் மறுமுனையில் யார்?

செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீடு. எஸ்.பி.எம். தேர்வுக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன. படிவம் ஐந்தில் பயிலும் மாணவிக்கு இரவு எட்டரை மணிக்கு இணையவழி வேதியியல் வகுப்பு. ஆசிரியர் ஒரு சமன்பாட்டைப் பாதி எழுதும்போதே படம் உறைந்துவிடும். குரல் இரண்டு சொல் வரும். பிறகு அதுவும் நின்றுவிடும். ஒரு வாரமாக இதே நிலைதான்.

“அண்ணே, இன்றைக்கும் நின்றுவிட்டது. என் தோழி இலவச வி.பி.என். செயலி ஒன்றைச் சொன்னாள். போட்டுப் பார்த்தேன், படம் ஓடுகிறது! அப்படியே விட்டுவிடவா?”

கணினி பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்யும் அண்ணன் உடனே பதில் சொல்லவில்லை. “ஓடுகிறது, சரிதான். யார் வழியாக ஓடுகிறது என்று பார்த்தாயாம்மா?” என்று கேட்டார். அந்தக் கேள்வி அவளுக்கு விளங்கவில்லை. பலருக்கும் விளங்குவதில்லை.

வி.பி.என். என்பதைத் தமிழில் மெய்நிகர் தனிப் பிணையம் என்பர். முதலில் இது வீடுகளுக்காக உருவானதன்று. வெளியூரில் இருக்கும் ஊழியர், பொது இணையத்தின் வழியே தம் அலுவலகக் கணினிகளைப் பாதுகாப்பாக அடைய வேண்டும் என்பதே அதன் தொடக்க நோக்கம். 1996-இல் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் குர்தீப் சிங் பால் முதலிய பொறியாளர்கள் உருவாக்கிய நெறிமுறை, இத்தகைய சுரங்க முறைகளுள் முன்னோடியானது.

‘சுரங்கம்’ என்ற சொல் பொருத்தமானதே. ஒரு கடிதத்தை உறையிலிட்டு, அந்த உறையை வேறொரு பெரிய உறைக்குள் வைத்து ஒட்டி, வெளியே ஓர் இடைத்தரகரின் முகவரியை எழுதுவதாக எண்ணிக்கொள்ளலாம். தபால்காரருக்கு இடைத்தரகரின் பெயர் மட்டுமே தெரியும். உள்ளே யாருக்கு என்ன கடிதம் இருக்கிறது என்பது தெரியாது. இடைத்தரகர் வெளி உறையைப் பிரித்து, உள்ளிருக்கும் உறையை உரியவருக்கு அனுப்பி வைப்பார். இங்குத் தபால்காரர், வீட்டுக்கு இணைய இணைப்பு வழங்கும் நிறுவனம். இடைத்தரகர், வி.பி.என். நடத்துபவரின் சேவையகம். வீட்டுக்கும் அந்தச் சேவையகத்துக்கும் இடையில் செல்லும் தரவுகள் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும்.

அப்படியானால், கடிதம் இடையில் ஓரிடம் சுற்றிப் போகிறது. சுற்றிப் போவது எப்படி வேகமாகும்? செந்தூல்வாசிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தைப்பூசத்தன்று ஈப்போ சாலை வழியாகப் பத்துமலைக்குப் புறப்பட்டவர் நெரிசலில் அசையாமல் நிற்பார். கோம்பாக் பக்கமாகச் சுற்றிப் போனவர், கூடுதல் தூரம் சென்றாலும் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிடலாம். இணையத்திலும் தரவு எந்தப் பாதையில் போக வேண்டும் என்பதைப் பயனர் தேர்ந்தெடுப்பதில்லை. நிறுவனங்களே முடிவு செய்கின்றன. இரவு எட்டு மணிக்கு மேல் எல்லா வீடுகளிலும் திரைப்படம் ஓடத் தொடங்கும்போது, ஒரு நிறுவனத்துக்கும் மற்றொரு நிறுவனத்துக்கும் இடையிலுள்ள இணைப்பு நிரம்பி வழியக்கூடும். வி.பி.என். சேவையகத்துக்குச் செல்லும் பாதை வேறாக இருந்தால், அந்த நெரிசலைத் தவிர்க்கலாம். மாணவியின் வகுப்பு ஓடத் தொடங்கியதற்குக் காரணம் இதுதான்.

ஆனால், எந்த ஊரில் இருக்கும் சேவையகம் என்பது முக்கியம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 200,000 கிலோமீட்டர் செல்கிறது. கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூர் முந்நூறு கிலோமீட்டர் சொச்சம். தரவு போய்த் திரும்ப ஒரு சில மில்லி நொடிகள் போதும். லாஸ் ஏஞ்சலஸ் நகரமோ 14,000 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. அங்கே போய்த் திரும்ப, பாதை நேராகவே இருந்தாலும், 140 மில்லி நொடிகள் ஆகும். எவ்வளவு கட்டணம் செலுத்தினாலும் ஒளியின் வேகத்தைக் கூட்ட முடியாது. அமெரிக்கச் சேவையகத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, சிங்கப்பூரில் நடக்கும் இணைய விளையாட்டில் ஏன் தோற்கிறோம் என்று வியப்பவர்கள் உண்டு.

அண்ணன் முதலில் செய்தது இன்னொரு சோதனை. மடிக்கணினியை அருகலையில் இணைக்காமல், கம்பி வழியாக நேரே மோடத்தில் இணைத்தார். கான்கிரீட் சுவர் இரண்டைத் தாண்டி வரும் அருகலை வலுவிழந்திருந்தால், அதை எந்த வி.பி.என்-ஆலும் சரிசெய்ய முடியாது. வாங்கிய இணைப்பு நொடிக்கு 100 மெகாபிட் என்றால், சுரங்கம் அமைத்ததும் அது 200 ஆகாது. மறையாக்கத்துக்கும் கூடுதல் உறைக்கும் கொஞ்சம் இடம் போவதால் சற்றுக் குறையவே செய்யும். மடிக்கணினியில் செய்தி அகப்பக்கங்கள் விரைவாகத் திறந்தன. வகுப்பு மட்டும் தடைபட்டது. எனவே, கோளாறு வீட்டுக்குள் இல்லை. பாதையில் இருக்கிறது என்பது உறுதியானது.

பாதை என்பது கம்பி மட்டுமன்று. ஓர் அகப்பக்கத்தின் பெயரைத் தட்டியதும், அதன் எண் முகவரி என்னவென்று முதலில் கேட்டறிய வேண்டும். அந்தப் பதிலைத் தருவது டி.என்.எஸ். என்னும் பெயர் முறைமை. 1983-இல் பால் மொக்காபெட்ரிஸ் வடிவமைத்த இது, இணையத்தின் தொலைபேசிப் புத்தகம் போன்றது. பொதுவாக, இணைப்பு வழங்கும் நிறுவனமே இந்தப் புத்தகத்தையும் வைத்திருக்கும். அது மெதுவாக இருந்தாலோ அடிக்கடி பழுதானாலோ, பயனர்கள் கூகுள் 2009 முதல் வழங்கும் 8.8.8.8 என்ற பொதுப் புத்தகத்தையோ, கிளவுட்ஃபிளேர் 2018 முதல் வழங்கும் 1.1.1.1 என்பதையோ அமைத்துக்கொள்வது வழக்கம்.

2024 செப்டம்பரில் இந்தச் சிறிய அமைப்பு மலேசியா முழுவதும் பேசுபொருளானது. பொதுப் புத்தகங்களை நோக்கிச் செல்லும் கேள்விகளை இடைமறித்து, நாட்டிலுள்ள நிறுவனங்களின் புத்தகங்களுக்கே திருப்பிவிட வேண்டும் என்று மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் இணைய நிறுவனங்களைப் பணித்தது. தீய அகப்பக்கங்களிலிருந்து மக்களைக் காப்பதே நோக்கம் என்று ஆணையம் விளக்கியது. 2018 முதல் 2024 ஆகஸ்டு 1 வரை 24,277 அகப்பக்கங்கள் தடுக்கப்பட்டதாகவும், அவற்றுள் 39 விழுக்காடு இணையச் சூதாட்டம் தொடர்பானவை என்றும் அது தெரிவித்தது. சூதாட்டத்தில் சம்பளத்தைத் தொலைத்தவர் இருக்கும் குடும்பத்துக்கு இந்த எண் வெறும் எண்ணன்று.

மறுபக்கம், கேட்காத ஒருவர் வந்து, கேட்கப்பட்டவர்போல் பதில் சொல்வது முறையா என்ற கேள்வி எழுந்தது. தவறான பதில் வந்தால் கண்டுபிடிப்பது எப்படி என்று தொழில்நுட்பம் அறிந்தோர் வினவினர். அவ்வாண்டு செப்டம்பர் 8-ஆம் நாள், இத்திட்டத்தைத் தொடர வேண்டாம் என்று ஆணையத்திடம் கேட்டுக்கொண்டதாகத் தொடர்புத் துறை அமைச்சர் ஃபாமி ஃபட்சில் அறிவித்தார். சுரங்கத்துக்குள் செல்லும் கேள்வியை வழியில் யாரும் இடைமறிக்க முடியாது என்பதால், அந்நாள்களில் வி.பி.என். பற்றிய பேச்சும் எழுந்தது.

சுரங்கம் உதவும் வேறோர் இடமும் உண்டு. பழைய முறையிலான இணைய முகவரிகள் மொத்தமே ஏறத்தாழ 430 கோடிதான். உலக அளவிலான கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. ஆசிய பசிபிக் வட்டாரத்தின் கையிருப்பு அவ்வாண்டு ஏப்ரலில் கடைசிக் கட்டத்துக்கு வந்தது. எனவே, பல நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. உள்ளிருந்து வெளியே போகத் தடையில்லை. வெளியிலிருந்து வீட்டுக் கண்காணிப்புக் கேமராவைப் பார்க்க முயன்றால்தான் சிக்கல். ஒரே அஞ்சல் பெட்டியைப் பல குடும்பங்கள் பகிர்ந்தால் கடிதம் யாருக்கு என்று தெரியாததுபோல. வீட்டிலுள்ள கருவி தானாகவே வெளியே ஒரு சேவையகத்துக்குச் சுரங்கம் அமைத்துக் காத்திருந்தால், அதே வழியாக உள்ளே வந்துவிடலாம்.

இத்தனை பயன் உள்ள பொருளை அண்ணன் ஏன் தயக்கத்தோடு பார்த்தார்? தபால்காரர் கடிதத்தைப் பார்க்க முடியாது என்பது உண்மை. இடைத்தரகர் பார்க்கலாமே! வங்கி போன்ற அகப்பக்கங்கள் தம் தகவலைத் தனியே மறையாக்கம் செய்கின்றன. ஆகவே, உள்ளடக்கத்தை அவரும் படிக்க முடியாது. ஆனால், எந்நேரம், எந்த அகப்பக்கத்துக்குப் போனோம் என்பது அவருக்குத் தெரியும்.

ஃபேஸ்புக் நிறுவனம் 2013-இல் ஒனாவோ என்ற நிறுவனத்தை வாங்கியது. அதன் இலவச வி.பி.என். செயலி, பயனரின் தரவைப் பாதுகாப்பதாக விளம்பரம் செய்தது. ஆனால், பயனர்கள் வேறு எந்தச் செயலிகளை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்ற தகவல் அதன்வழி ஃபேஸ்புக்குக்குச் சென்றது. 2018-இல் ஆப்பிள் கடையிலிருந்து அச்செயலி விலக்கப்பட்டது. 2023-இல் ஆஸ்திரேலியக் கூட்டரசு நீதிமன்றம் இதற்காக 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

இதைவிடக் கொடிய சம்பவம் மலேசியாவுக்கு மிக அருகிலேயே முடிவுக்கு வந்தது. மாஸ்க்வி.பி.என்., டியூவி.பி.என். முதலிய இலவசச் செயலிகளைப் பதிவிறக்கியோரின் கணினிகள், அவர்கள் அறியாமலேயே பிறருக்கு வழியாகப் பயன்படுத்தப்பட்டன. 911 எஸ்5 எனப்பட்ட அந்த வலையில், ஏறத்தாழ 200 நாடுகளைச் சேர்ந்த 1 கோடியே 90 இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைய முகவரிகள் சிக்கியிருந்தன. அவற்றை வாடகைக்கு எடுத்த குற்றவாளிகள் மோசடிகள் செய்தனர். குற்றம் புரிந்தவர் எங்கோ இருக்க, அது அப்பாவிக் குடும்பம் ஒன்றின் வீட்டிலிருந்து நடந்ததாகவே பதிவாகும். அதை நடத்தியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர் 2024 மே மாதம் சிங்கப்பூரில் கைதானார்.

“அந்தச் செயலியை நடத்துவது யார், எந்த நாட்டு நிறுவனம் என்று எங்காவது போட்டிருக்கிறதா?” என்று அண்ணன் கேட்டார்.

மாணவி தேடினாள். ஒரு மின்னஞ்சல் முகவரி மட்டுமே கிடைத்தது. நிறுவனத்தின் பெயர் இல்லை. தரவை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பதும் இல்லை. மறுநாள் காலையில் இன்னொன்றும் தெரிந்தது. அம்மா அதே கைப்பேசியில் வங்கிக் கணக்கைத் திறக்க முயன்றபோது, வழக்கமில்லாத நாட்டிலிருந்து நுழைவதாகக் கூறி வங்கி கூடுதல் சரிபார்ப்பைக் கேட்டது. “யாரோ என் கணக்குக்குள் புகுந்துவிட்டார்களாய்யா?” என்று அம்மா பதறிப்போனார்.

செயலி அன்றே நீக்கப்பட்டது. நடத்துபவரின் பெயரும் முகவரியும் வெளிப்படையாக உள்ள, சிங்கப்பூரில் சேவையகம் வைத்திருக்கும் ஒரு கட்டணச் சேவையை அண்ணன் ஒரு மாதத்துக்கு மட்டும் வாங்கினார். வகுப்பு நேரத்தில் மட்டும், மடிக்கணினியில் மட்டும் அதைத் திறப்பது என்று முடிவாயிற்று.

அதோடு அவர் நிற்கவில்லை. மூன்று இரவுகள் எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இணைப்பைச் சோதித்து, சுரங்கம் இல்லாமல் கிடைத்த அளவையும் சுரங்கத்தோடு கிடைத்த அளவையும் அருகருகே எழுதி, இணைப்பு வழங்கிய நிறுவனத்துக்கு அனுப்பினார். ‘இணையம் மெதுவாக இருக்கிறது’ என்ற புகாருக்கு, மோடத்தை அணைத்துத் திறக்கச் சொல்லும் பதில்தான் பெரும்பாலும் வரும். நேரமும் அளவும் எழுதிய புகாரை அவ்வளவு எளிதில் ஒதுக்க முடியாது. தீராவிட்டால் அதையே ஆணையத்துக்கும் அனுப்பலாம். நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவிலிருந்து இரண்டு முறை அழைப்பு வந்தது. இரண்டாம் வாரத்தில் பாதை மாற்றப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது.

அன்றிரவு எட்டரைக்கு மாணவி வி.பி.என்-ஐத் திறக்காமல் வகுப்பில் நுழைந்தாள். அண்ணன் பின்னால் நின்று பத்து நிமிடம் பார்த்தார். பிறகு, குறிப்பேட்டில் நான்காம் நாளின் அளவை எழுதிவிட்டுச் சாப்பிடப் போனார்.