புது ரிலே என்றால் நல்ல ரிலேயா?

பழைய காரில் ரிலேயை மாற்றியும் ஹெட்லைட் சரியாகவில்லை என்றால், "அப்படியானால் வயரிங்தான்" என்று டேஷ்போர்டைப் பிரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். காய்ந்து மொறுமொறுத்துப்போன பழைய வயர்களை இழுத்துக் கலைத்தால் இல்லாத கோளாறும் வந்து சேரும். தயவுசெய்து அதற்கு முன் புது ரிலேயைச் சோதியுங்கள்.

நம்பிக்கை: 'டிக்' சத்தம் கேட்டால் ரிலே நன்றாக இருக்கிறது.

உண்மை: காயில் இழுக்கிறது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. உள்ளே பாயின்ட் மட்டமாக இருந்தால் சத்தம் வரும், கரண்ட் சரியாகப் போகாது. ஹெட்லைட்டை எரியவிட்டு, சாக்கெட்டில் வயர் நுழையும் பக்கமாக 30, 87 என்று எண்ணிட்ட பின்களுக்கு நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். கிட்டத்தட்ட பூஜ்ஜியம் வர வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் அந்த ரிலே வேண்டாம். லோடு இல்லாமல் அளந்தால் கெட்ட பாயின்ட்டும் நல்லதுபோலவே தெரியும்.

நம்பிக்கை: சாக்கெட்டில் பொருந்தினால் சரியான ரிலேதான்.

உண்மை: அதிகம் ஏமாறுவது இங்கேதான். ஐந்து பின் ரிலேயில் நடு பின் 87 ஆகவும் இருக்கலாம், 87ஏ ஆகவும் இருக்கலாம். முன்னது ரிலே இழுக்கும்போது கரண்ட் தரும். பின்னது இழுக்காதபோது தரும். மாற்றிப் போட்டால், 30-இல் நேரடி பேட்டரி கரண்ட் உள்ள வண்டியில், நடு பின்னில் இருக்கும் கருவி சாவியை எடுத்த பிறகும் ஓடும். காலையில் பேட்டரி காலி. பழி பேட்டரிமேல் விழும்.

நான்கு பின் ரிலேயிலும் 30-ம், காயிலுக்கான 86-ம் இடம் மாறிய வகை உண்டு. அதைப் போட்டால் பல வண்டிகளில் ஹெட்லைட் எரியும் என்பதுதான் ஆபத்து. காயில் எந்நேரமும் பேட்டரியைக் குடித்துக்கொண்டிருக்க, ஹெட்லைட்டின் முழு கரண்ட்டும் சுவிட்சின் மெல்லிய வயர் வழியாகப் போய் அதைச் சூடாக்கும். ரிலேக்குள் டயோடு இருந்தால் காயிலின் 86 பாசிட்டிவ், 85 எர்த். தலைகீழானால் ஃபியூஸ் போகும், அல்லது டயோடு எரியும். ரிலேயின் மேல் அச்சிட்ட படத்தைப் பழையதோடு ஒப்பிட ஒரு நிமிடம் போதும்.

நம்பிக்கை: பழைய ரிலே குப்பைக்குத்தான்.

உண்மை: 1980, 90-களின் ஹோண்டா கார்கள் பல வெயிலில் நின்றால் ஸ்டார்ட் ஆகாமல், சூடு தணிந்ததும் ஸ்டார்ட் ஆகும். பெட்ரோல் பம்புக்குக் கரண்ட் கொடுக்கும் மெயின் ரிலேயின் பற்றவைப்பில் விழும் மெல்லிய விரிசல் அதற்கு முக்கியக் காரணம். மூடியைக் கழற்றி அந்த இடங்களில் புதிதாக ஈயம் பற்றவைத்தால், பெரும்பாலும் அதே ரிலே மறுபடி உழைக்கும்.