சங்கத்து லாரியும் அதன் சக்கரங்களும்

கட்டை வண்டி ஓட்டிப் பழகிய நம் பெரியோர், பாரம் ஏற்றுவதற்கு முன் வண்டியை ஒருமுறை சுற்றி வருவது வழக்கம். கடையாணி சரியாக இருக்கின்றதா, அச்சுக்கு மசகு போடப்பட்டிருக்கின்றதா, கோடையில் மரம் உலர்ந்து சுருங்கியதனால் இரும்புப் பட்டை தளர்ந்திருக்கின்றதா என்பவற்றைப் பார்த்த பின்னரே மாட்டைப் பூட்டுவார்கள். இதை அவர்களுக்கு ஒருவரும் பாடமாகக் கற்பிக்கவில்லை. வண்டி தம்முடையது, குடை சாய்ந்தால் நஷ்டம் தம்முடையது என்பதை அறிந்திருந்தார்கள்.

ஆனால் சங்கம் ஒரு மோட்டார் லாரி வாங்கியவுடன் இவ்வழக்கம் மறைந்துபோகின்றது. லாரி எல்லோருக்கும் சொந்தமானது. ஆகவே அதன் சக்கரத்தைக் குனிந்து பார்ப்பது ஒருவருடைய வேலையும் அன்று என்றாகிவிடுகின்றது. டிரைவர் பார்ப்பார் என்று காரியதரிசியும், காரியதரிசி பணம் அனுமதிப்பார் என்று டிரைவரும் காத்திருக்கின்றனர். டயரோ ஒருவருக்காகவும் காத்திருப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்கத்தின் புத்தகங்களைப் பரிசீலனை செய்யச் சென்றிருந்தேன். எண்ணெய்ச் செலவும் டிரைவர் படியும் பைசா பிசகாமல் எழுதப்பட்டிருந்தன. அதற்கு முந்திய மாதத்தில் மஞ்சள் மூட்டைகளுடன் இறக்கத்தில் வந்துகொண்டிருந்த லாரியின் பின்சக்கர டயர் ஒன்று வெடித்து, வண்டி பள்ளத்தில் சாய்ந்தது. மூட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்த கூலியாள் ஒருவருக்குக் கால் முறிந்தது. சரக்கில் பாதி மழையில் நனைந்தது. “காற்றை எவ்வாறு பார்ப்பது வழக்கம்?” என்று டிரைவரைக் கேட்டேன். “காலால் உதைத்துப் பார்ப்பேன், ஐயா” என்றார். பஞ்சர் கடையிலிருந்து அளவுக் கருவியை வரவழைத்து மற்றச் சக்கரங்களைச் சோதித்தோம். வலப்புறத்துப் பின்சக்கர ஜோடியில் வெளி டயரில் இருந்த காற்றில் பாதிகூட உள் டயரில் இல்லை. டிரைவரைக் குறை சொல்வது நியாயமன்று. கருவி ஒன்று வேண்டுமென்று இருமுறை கேட்டிருந்தாராம். அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்று விடை கிடைத்ததாம். அதன் விலை, நிர்வாக சபையின் ஓராண்டுக் காப்பிச் செலவைக் காட்டிலும் குறைவு.

இங்கே அங்கத்தினர்கள் அறிய வேண்டிய முதல் விஷயம் யாதெனில், பாரத்தைச் சுமப்பது ரப்பர் அன்று, அதனுள் அடைபட்டிருக்கும் காற்றேயாகும். காற்றுக் குறைந்தால் டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி நிமிர்கின்றது. ஒரு கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் சூடேறி ஒடிவதுபோல, டயரும் உள்ளே சூடேறி, இழைகள் விட்டுப்போய், வெடிக்கின்றது. பின்னே ஜோடியாக ஓடும் சக்கரங்களில் ஒன்று தளர்ந்தால், இரண்டின் பாரத்தையும் மற்றொன்றே சுமக்க நேருகின்றது. மேலே கூறிய லாரியில் தளர்ந்தது உள் டயர்; வெடித்ததோ அதன் பாரத்தையும் சுமந்த வெளி டயர். ஜோடிச் சக்கரத்தில் ஒரு டயர் முழுதும் காற்றிழந்தாலும் வெளியிலிருந்து பார்ப்பவர்க்குத் தெரியாது. உதைத்துப் பார்ப்பதாலும் தெரியாது. ஆகவே உள் டயரையும் கருவி கொண்டே அளத்தல் வேண்டும். இரு டயர்களுக்கும் இடையே சிக்கிய கல்லையும் அப்போதே எடுத்துவிட வேண்டும்.

காற்றை எப்போது அளப்பது? காலையில், வண்டி புறப்படுமுன். ஓடிய டயரில் காற்றுச் சூடேறி விரிந்திருப்பதால் கருவி அதிகமாகக் காட்டும்; குறைந்தது மூன்று மணி நேரமாவது நின்ற வண்டியிலே அளப்பது முறை. வழியில் அளவு கூடியிருக்கக் கண்டு சிலர் காற்றை இறக்கிவிடுகின்றனர். இது பெரும் பிழை. டயர் ஆறியபின் காற்றுப் போதாமல் நிற்கும். எத்தனை பவுண்டு என்பதை வண்டி செய்தவர்கள் தகட்டிலும் கைப்புத்தகத்திலும் குறித்திருப்பார்கள், அதையே பின்பற்றுக. சிறிய காருக்கு 30 முதல் 35 பவுண்டு வரையில் போதுமாயிருக்க, பெரிய லாரிக்கு 100 பவுண்டுக்கு மேலும் வேண்டியிருக்கும். ஆதலால் அடுத்த வண்டிக்காரர் சொல்வதைக் கேட்டு நிரப்புதல் ஆகாது. அளவுக்கு மிஞ்சிய காற்றும் கெடுதலே: டயரின் நடுப்பாகம் மட்டும் தரையைத் தொட்டுத் தேயும், பள்ளத்தில் விழுந்தால் அடி பலமாக விழும். குறித்த அளவில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்த நிலையில் ஓடிவிட்ட லாரி டயரை, கழற்றி உட்புறம் பார்க்காமல் மறுபடி நிரப்பலாகாது. நிரப்பும்போதே பக்கம் கிழிந்து உயிர்ச்சேதம் உண்டாக்கக்கூடும்.

டயரின் தேய்மானமே ஒரு கணக்குப் புத்தகம் என்று சொல்லலாம். இரு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. நடு தேய்ந்திருந்தால் காற்று மிகுதி. ஒரு பக்க ஓரம் மாத்திரம் தேய்ந்தால் முன்சக்கரங்களின் நேர்ப்பாடு பிசகியிருக்கின்றது. அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்தால் அதிர்வு தாங்கியோ சக்கரத்தின் சமநிலையோ கெட்டிருக்கும். பட்டனின் பள்ளங்களுக்குள்ளே சிறு மேடுகள் குறுக்கே வார்க்கப்பட்டிருப்பதைக் காணலாம். பட்டன் தேய்ந்து அம்மேடுகளுக்குச் சமமானால் டயரின் ஆயுள் முடிந்தது. லாரிக்கும் காருக்கும் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்பது நம் நாட்டு மோட்டார் வாகன விதி. மழைக் காலத்தில் சாலைத் தண்ணீரை ஒதுக்கித் தரையைப் பிடிப்பதற்கு வழி செய்பவை அப்பள்ளங்களே. மொட்டை டயர் தண்ணீரின்மேல் மிதக்கும். அப்போது பிரேக்கும் பயன்படாது, ஸ்டியரிங்கும் பயன்படாது. பக்கச் சுவரில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்பது பொருள். பட்டன் இருந்தும் வெடிப்பு விட்ட பழைய டயரை மலிவென்று வாங்குவோர் இதைப் பார்த்து வாங்குக. ரீடிரெட் செய்த டயரைப் பின்சக்கரத்துக்கு உபயோகிக்கலாம்; முன்சக்கரத்துக்கு வேண்டாம்.

சக்கரத்தின் நட்டுகளே மோட்டாருக்குக் கடையாணி. அவற்றை வரிசையாகச் சுற்றி முடுக்காமல், ஒன்றுக்கு எதிரே மற்றொன்றாக முடுக்க வேண்டும். சக்கரம் மாட்டி 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒருமுறை முடுக்கிப் பார்க்க வேண்டும். நட்டின் அடியிலிருந்து துருக்கோடு வடிந்திருந்தால் அது தளர்ந்திருப்பதற்கு அடையாளம்.

பட்டை ஸ்பிரிங்கைக் குறித்தும் சில வார்த்தைகள். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கின்றதா என்று சமதரையில் நிறுத்திப் பின்னாலிருந்து பாருங்கள். சாய்ந்திருந்தால் பட்டை ஒடிந்தோ தளர்ந்தோ இருக்கும். பட்டைக் கட்டை அச்சோடு பிணைக்கும் யு போல்ட் தளர்ந்தால் நடுப்போல்ட் அறுந்து, அச்சே இடம் பெயரும். அப்படிப்பட்ட வண்டி நேராக ஓடுவதுபோல் தோன்றினும் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் வாரா. ஒடிந்த பட்டைக்குப் பதிலாக மேலும் இரண்டு பட்டைகளைச் சேர்த்து அதிகப் பாரம் ஏற்றும் வழக்கம் சிலரிடம் உண்டு. பட்டை தாங்கினாலும் டயரும் பிரேக்கும் தாங்கமாட்டா.

மலைப்பாதையில் போகும் வண்டிகளுக்கு இவை யாவும் இருமடங்கு அவசியம். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏறிய கியரிலேயே இறங்குக என்பது பழைய டிரைவர்களின் நல்ல வழக்கம். இறக்கம் முழுவதும் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால், அதன் சூடு சக்கரத்தின் வழியாக டயருக்கும் ஏறுகின்றது.

மாற்றுச் சக்கரத்தை நாம் ஸ்டெப்னி என்கிறோம். வேல்ஸ் நாட்டில் லானெல்லி என்னும் ஊரின் ஸ்டெப்னி வீதியில் 1904-இல் தோன்றியதால் அதற்கு அப்பெயர் வந்தது. நம் நாட்டில் முதல் கூட்டுறவுச் சட்டம் பிறந்ததும் அதே ஆண்டுதான். ஸ்டெப்னியில் காற்றில்லாமல் சுமந்து திரிவோர் அநேகர். மாதம் ஒருமுறை அதையும் அளந்து வைக்க. சக்கரம் மாற்றும்போது வண்டியைச் சமதரையில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுத்து, நட்டுகளைச் சற்றுத் தளர்த்திய பின்னரே ஜாக்கியால் தூக்குக. தூக்கிய வண்டியின்கீழ் ஒருவரும் நுழையலாகாது.

இனிச் சங்கம் செய்யத்தக்கது. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, சக்கரத்துக்கு ஒரு பத்தியாகக் கோடிட்டு, வாரந்தோறும் திங்கட்கிழமை காலையில் அளந்த காற்று, நட்டு, பட்டை ஆகியவற்றின் நிலையை டிரைவர் எழுத, காரியதரிசியோ நிர்வாக சபையார் ஒருவரோ உடன் நின்று கையொப்பமிடுக. அளவுக் கருவியும், டயர் மாற்றுவதற்கென்று மாதந்தோறும் ஒதுக்கும் தொகையும் வேண்டுமென்று அடுத்த கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவருக. மூட்டைகளின்மேல் ஆட்களை ஏற்றுவதில்லை என்பதையும் அத்தீர்மானத்திலேயே சேர்த்துக்கொள்க. பரிசீலனைக்கு வரும்போது ரொக்கப் புத்தகத்துக்கு முன்பாக அந்த நோட்டையே நான் கேட்டு வாங்கிப் பார்ப்பேன்.