மூடிய குழுவில் என் படம்

'ஆர் வீ டேட்டிங் தி சேம் கை?' என்ற பெயரில் பேஸ்புக்கில் ஊருக்கு ஊர் பெண்களுக்கான மூடிய குழுக்கள் இருக்கின்றன. 2022-இல் நியூயார்க்கில் தொடங்கியது. பிறகு அமெரிக்காவின் பெரிய நகரங்களுக்கும் லண்டன், டொராண்டோவுக்கும் பரவிவிட்டது. டேட்டிங் ஆப்பில் பார்த்த ஆணின் படத்தைப் போட்டு, "இவரைப் பற்றி டீ (உள் விஷயம்), ரெட் ஃப்ளாக் (எச்சரிக்கை அறிகுறி) ஏதாவது உண்டா?" என்று கேட்பார்கள். பழகியவர்கள் கீழே வந்து சொல்வார்கள். விவாகரத்துக்குப் பிறகு நியூ ஜெர்சியில் மறுபடியும் துணை தேடிக்கொண்டிருந்த என் படமும் அங்கே வந்தது.

எனக்கு அது தெரிந்ததே தன் தங்கைக்காக அந்தக் குழுவில் சேர்ந்திருந்த ஒரு அக்கா மூலமாகத்தான். "தம்பி, இது நீதானே? பதறாதே, பொறுமையா படி" என்று சொல்லி ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். வேறு வழியில் தெரிய வாய்ப்பே இல்லை. மூடிய குழுவின் பதிவுகள் கூகுள் தேடலில் வராது. படத்தை வைத்துத் தேடினாலும் கிடைக்காது. "தேடித் தருகிறோம், நீக்கித் தருகிறோம்" என்று பணம் கேட்கிறவர்களை நம்ப வேண்டாம். பெண் பெயரில் போலிக் கணக்கு தொடங்கி உள்ளே நுழைவதும் வேண்டாம். பிடிபட்டால் அதுவே உங்களைப் பற்றிய அடுத்த பதிவு, அதுவும் உண்மையான பதிவு.

படத்துக்குக் கீழே மூன்று பேர் எழுதியிருந்தார்கள். ஒருவர், "நன்றாகப் பேசுவார், ஆனால் மெசேஜுக்குப் பதில் வர நாளாகும்" என்றார். இன்னொருவருக்கு என்னோடு காபி குடித்த மாலை சலிப்பாக இருந்திருக்கிறது. மூன்றாமவர், "இந்தியாவில் இவருக்கு மனைவி இருக்கிறாள், மறைக்கிறார்" என்று எழுதியிருந்தார்.

மூன்றும் ஒரே மாதிரி சுட்டது. ஆனால் மூன்றும் ஒன்றல்ல. முதலாவது உண்மை. இரண்டாவது அவருடைய அபிப்பிராயம்; அதைச் சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. மூன்றாவது மட்டும்தான் பொய்யான தகவல். உங்களைப் பற்றிய பதிவைப் பார்த்தால் முதலில் இப்படிப் பிரித்துப் பாருங்கள். அமெரிக்கச் சட்டமும் ஏறக்குறைய இதே கோட்டில்தான் நிற்கிறது: உண்மையும் வெறும் அபிப்பிராயமும் அவதூறு ஆகாது.

அந்தப் பொய்யை மட்டும் குறிவைத்தேன். குழு நிர்வாகிக்கு நாலு வரி எழுதினேன்: குறிப்பிட்ட வாக்கியம் தவறு, நீதிமன்றத்தின் விவாகரத்துத் தீர்ப்பை, வழக்கு எண்ணையும் முகவரியையும் மறைத்து இணைத்திருக்கிறேன், அந்த ஒரு கருத்தை மட்டும் நீக்குங்கள், எழுதியவர் யார் என்று நான் கேட்கவில்லை. அக்கா அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை இணைக்கவில்லை. குழுவிலிருந்து படம் எடுத்து வெளியே கொடுப்பது அங்கே விதிமீறல். மூலையில் தெரியும் ஒரு சின்னப் புரொஃபைல் படம்கூட அக்காவைக் காட்டிக்கொடுத்துவிடும். கருத்து நீக்கப்பட்டது. பதிவு இருந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

காப்புரிமை வழியும் ஒன்று உண்டு. நானே எடுத்த செல்ஃபியின் உரிமை என்னுடையது, புகார் கொடுத்து நீக்கச் சொல்லலாம். ஆனால் புகார் கொடுத்தவரின் பெயரும் தொடர்பு விவரமும் பதிவிட்டவருக்குப் போகக்கூடும். என்னைக் கண்டு பயந்து விசாரித்த ஒரு பெண்ணுக்கு என் பெயரோடு ஒரு சட்ட நோட்டீஸ் போய்ச் சேருவதில் எனக்கு விருப்பமில்லை. அந்தரங்கப் படம் என்றால் கதை வேறு: தயங்கவே கூடாது. சம்மதமில்லாமல் அப்படிப் படம் வெளியிடுவதை 2025 மே மாதம் கையெழுத்தான 'டேக் இட் டவுன்' சட்டம் குற்றமாக்கியது. பாதிக்கப்பட்டவர் கேட்டால் தளங்கள் 48 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது.

வழக்குப் போடலாமா என்று நண்பர்கள் கேட்டார்கள். பயனர்கள் எழுதுவதற்குத் தளத்தைப் பொறுப்பாக்க 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 230-ஆவது பிரிவு பெரும்பாலும் விடாது. எழுதியவர் மீதுதான் வழக்குப் போட வேண்டும். சிகாகோவில் ஒருவர் 2024-இல் இப்படி வழக்குப் போட்டார். நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மூடிய குழுவுக்குள் இருந்த விஷயம் அவர் பெயரோடு பத்திரிகைகளில் வந்ததுதான் மிச்சம்.

இந்தக் குழுக்கள் ஏன் இருக்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். முன்பின் தெரியாத ஒருவரைத் தனியாகச் சந்திக்கப் போகிற பெண்ணுக்கு விசாரிக்க வேறு இடமில்லை. நம் ஊரில் வரன் பார்க்கும்போது அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறோமே, அதுதான் இது. ஆனால் பூட்டு இருக்கிறது என்று நம்பி எழுதுகிற பெண்களுக்கும் ஆபத்து உண்டு. இதே வேலையைச் செய்யும் 'டீ' செயலியிலிருந்து 2025 ஜூலையில் சுமார் 72,000 படங்கள் கசிந்தன. அவற்றில் ஏறத்தாழ 13,000, பெண்கள் தங்களை நிரூபிக்கக் கொடுத்த செல்ஃபிகளும் அடையாள அட்டைகளும்.

ஆகவே எழுதியவர் யார் என்று தேடிக் கிளம்பாதீர்கள். ஊகித்தவரின் எண்ணுக்கு மெசேஜ் போடாதீர்கள், நண்பனிடமும் போடச் சொல்லாதீர்கள். பொய்யால் வேலையோ பெயரோ கெட்டிருந்தால் ஆதாரத்தைத் தேதியோடு சேமித்து, வக்கீலைப் பாருங்கள். நியூ ஜெர்சியிலும் நியூயார்க்கிலும் அவதூறு வழக்குக்குக் கெடு ஒரே வருடம்தான்.